ஜெகதீஸ்வரியின் மதியச் சாப்பாடு

செல்வக்குமார் முதல் கவளத்தை விழுங்குவதற்குள், ஒரு மணி நேரம் காணாமல் போய்விட்டது என்று ஜெகதீஸ்வரி போனில் சொன்னாள்.

"எங்க வச்சுத் தொலைச்ச?" என்று கேட்டான். போன வாரம்தான் இங்கிலாந்தில் ஒரு பஸ்ஸில் ஒரு நல்ல குடையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இதுவும் அந்த வகை என்று நினைத்தான்.

"நான் தொலைக்கல மச்சான். இங்க ஊரே சேந்து நேத்து ராத்திரி கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருச்சு. வெயில் காலம் வருதுல்ல, அதுக்கு. ஊரு பூரா ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு."

சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் ஏதோ லாபம் வந்ததுபோலச் சிரித்தாள். செல்வக்குமாருக்கு அந்தச் சிரிப்பு பிடிபடவில்லை. தூக்கத்தைப் பறிகொடுத்தவர்கள் சிரிக்கிற ஊரும் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான்.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் அவனுக்குப் பஞ்சர் கடை. உப்பு ஏற்றி வருகிற லாரிகளும் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளும் அவன் வாசலில் மூச்சு வாங்கி நிற்கும். கல்யாணத்துக்குப் பிறகு ஜெகதீஸ்வரி அருப்புக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பகல் முழுக்க அவளுக்கு ஊசி, இவனுக்கு டயர். இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். அவன் கையில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாடையைப் பற்றி அவள் தினமும் ஒரு வார்த்தை சொல்லுவாள். அதைக் கேட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

தீபாவளி கழிந்ததும் அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. மதுரை விமான நிலையத்து வாசலில், மற்றவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் நேரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவனுக்கு ராத்திரி ஏழரை என்றால் அங்கே மதியம் இரண்டு. இவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அவள் மதியச் சாப்பாட்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். என்ன வந்தாலும் அந்த ஒரு வேளையை மட்டும் விடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அதன்படி தினமும் கடையில் கிரீஸ் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் சாப்பிடுவான். அங்கே நீல யூனிபார்மில் அவள் சாப்பிடுவாள். முதலில் அவன் தட்டைக் காட்டச் சொல்லுவாள். பிறகு ரோட்டைக் காட்டச் சொல்லுவாள். ரோட்டில் என்ன இருக்கிறது, கருவேல மரமும் தூசியும் நாலு ஆடும்தான். ஆனாலும் காட்டுவான். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில நாள் லாரி போய் வெகு நேரம் கழித்தும் கண்ணைத் திறக்க மாட்டாள். நம் ஊர்ச் சத்தத்துக்கு இவ்வளவு ஏங்கிப்போய்க் கிடக்கிறாளே என்று இவன் அடுத்த லாரி வரும்வரை போனை ரோட்டுப் பக்கமே பிடித்துக்கொண்டிருப்பான்.

ஆரம்பத்தில் அவளுக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் தட்டும் கையுமாக நடமாடுவார்கள். பொங்கலுக்குப் பிறகு அந்தக் கூட்டம் இல்லை. வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கேட்டதற்கு, உட்கார்ந்து சாப்பிடத் தனி ரூம் கிடைத்திருக்கிறது என்றாள். செல்வக்குமார் அதைப் பக்கத்துப் பேட்டரி கடை பீர் மைதீனிடம் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தனி ரூம் கொடுக்கிறார்கள் என்றால் பெரிய நர்ஸாக ஆக்கப் போகிறார்கள் என்று அர்த்தம் என அவர் சொன்னார். இரண்டு பேரும் அதைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னார்கள்.

இப்போது அந்த ஊர் கடிகாரத்தைத் தள்ளி வைத்ததில், இவனுடைய ஏழரை அவளுக்கு மூன்று மணியாகிவிட்டது.

"அப்ப நீ மூணு மணி வரைக்குமா பசியோட இருந்த?"

"பசியெல்லாம் இல்ல மச்சான். எனக்கு இதுதான் தோது. ஏழரையாவே இருக்கட்டும். மாத்தாதீக."

ஜெகதீஸ்வரி தோது என்று சொன்னால் தோது இல்லை என்று பொருள். மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் செல்வக்குமார் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். சட்டியில் ஒரே ஒரு மீன் துண்டு மிஞ்சினால், தனக்கு மீன் வாடையே ஆகாது என்பாள். பைக்கில் போகும்போது மழை வந்தால், நனைவது தனக்குப் பிடிக்கும் என்பாள். அப்படிப்பட்டவள் மாத்தாதீக என்று சொன்னால், உடனே மாற்ற வேண்டும்.

மறுநாள் பீர் மைதீனிடம் யோசனை கேட்டான். வெளிநாட்டு விவகாரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மகன் ஹாரிஸ் துபாயில் இருந்தான்.

"துபாய்ல அப்படி ஒரு வழக்கமே கிடையாதுப்பா. நம்ம ஹாரிஸ் போயி எட்டு வருசமாச்சு. ஒரு நிமிசம் தொலைஞ்சதில்ல."

"அங்க ஊரே சேந்து தள்ளி வச்சுட்டாங்களாம் பாய்."

பீர் மைதீன் வெகு நேரம் யோசித்தார். கடிகாரத்தை எங்கே வேண்டுமானாலும் தள்ளி வைக்கலாம், வயிற்றைத் தள்ளி வைக்க முடியாது என்றார். ரம்ஜான் மாதம். அவரே நோன்பில் இருந்தார். பசியைப் பற்றி நோன்பாளி சொன்ன வார்த்தை செல்வக்குமாருக்குச் சரியாகப் பட்டது. தூக்கத்தைப் பறிகொடுத்த பெண்ணைப் பட்டினியும் போடலாமா. சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துவிட்டான். இனி இவனுக்கு ஆறரை, அவளுக்குப் பழையபடி இரண்டு.

ஜெகதீஸ்வரி வேண்டாம் என்றுதான் சொன்னாள். கடையில் வேலை கெடும், லாரிக்காரர்கள் திட்டுவார்கள் என்று என்னென்னவோ காரணம் சொன்னாள். காரணம் கூடக் கூட அவனுக்கு உறுதி கூடிக்கொண்டே போனது.

லாரிக்காரர்கள் திட்டத்தான் செய்தார்கள். துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் எல்லாம் சூரியன் இறங்குகிற அந்த நேரத்தில்தான் வரிசை கட்டும். உப்பு லோடு வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போன் முன்னால் போய் உட்காருகிறவனை எந்த டிரைவர்தான் பொறுப்பார். அதையாவது சமாளித்துவிட்டான். பக்கத்துக் கடையைத்தான் சமாளிக்க முடியவில்லை. நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பீர் மைதீன் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எதிரே வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சரியாக அந்த நேரத்தில் இவன் கருவாட்டுக் குழம்பைத் திறந்தான். பீர் மைதீன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதைச் செல்வக்குமார் பார்த்துவிட்டான்.

"நீ சாப்புடுப்பா. எனக்குத்தான் நோன்பு, உனக்கா நோன்பு" என்றார் அவர்.

அப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சாப்பிடுவது. மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கடையின் ஷட்டரைப் பாதிக்கு இழுத்து விட்டுக்கொண்டான்.

ஷட்டருக்குள்ளே இருட்டும் புழுக்கமுமாக இருந்தது. போன் வெளிச்சத்தில் ஜெகதீஸ்வரியின் முகம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. பேச்சுக்கு நடுவே கொட்டாவி விட்டாள். ஒன்று விட்டு, அதை மறைக்க இரண்டாவதும் விட்டாள்.

என்னவென்று கேட்டான். போன ஒரு மணி நேரத் தூக்கம் இன்னும் வந்து சேரவில்லை, இங்கே எல்லாருமே இப்படித்தான் இருக்கிறார்கள் என்றாள். அவன் நம்பவில்லை. பசித்தால் கொட்டாவி வரும் என்பது அவனுக்குத் தெரியும். காலையில் டீயோடு கடை திறந்து, பத்து மணிக்கு இட்லி வருகிற வரை அவன் விடுகிற கொட்டாவியில் டயருக்கே காற்று அடித்துவிடலாம். அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாளோ, இரண்டு மணி வரை என்னத்தைத் தாங்குவாள். ஒரு மணிக்குச் சாப்பிடுவதுதான் முறை என்று முடிவு செய்தான். இவனுக்கு அது சாயங்காலம் ஐந்தரை.

அதை அவளிடம் சொன்னான்.

"ஒரு மணிக்கா?" என்றாள்.

"டாக்டர்மாரெல்லாம் ஒரு மணிக்குத்தான சாப்புடுறாக. உனக்கு மட்டும் என்ன."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. அவன் அதைத் துடைக்காமல் அவள் பதிலுக்காகக் காத்திருந்தான். ஷட்டரை ஏன் இழுத்து விட்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். லாரிக்காரர்களிடம் என்ன பேச்சு வாங்குகிறான் என்றும் தெரியும்.

"சரி மச்சான்" என்றாள்.

பங்குனி வெயில். ஐந்தரை மணிக்கு ரோட்டில் தார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தகரத்துக்குள் உட்கார்ந்து சுடுசோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவன் எப்படி இருப்பான். சட்டை உடம்போடு ஒட்டி, கண் சிவந்து, கால் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும். போதாக்குறைக்குப் பேசி முடித்து வருகிறவனுக்கு மனசும் ஒரு நிலையில் இருக்காது. யாராவது ஏதாவது கேட்டால், கேட்டது ஒன்றும் இவன் சொல்வது ஒன்றுமாக இருக்கும். ராத்திரி மறுபடியும் பசி எடுத்து, பிஸ்கட்டைத் தண்ணீரில் முக்கித் தின்றுவிட்டுப் படுத்தான்.

ஒரு நாள் சக்கரத்துக்காகக் காத்திருந்த டிரைவர் ஒருவர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கக் குனிந்து ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டினார். உள்ளே இருட்டில் செல்வக்குமாரின் முதுகு மட்டும் தெரிந்தது. அன்று ஜெகதீஸ்வரி தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. அவன் மிகுந்த பாசத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்திக்க. ஒன்னும் செய்யாது. ஊத்திக்கிட்டாத்தான் நல்லா உறக்கம் வரும்."

டிரைவர் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். ரசத்தைப் பற்றிய பேச்சு அது என்று அவருக்கு எப்படித் தெரியும். டீக்கடையில் போய் உட்கார்ந்து, பாவம், பொண்டாட்டி வெளிநாடு போனதிலிருந்து பஞ்சர் கடைக்காரர் பகலிலேயே ஆரம்பித்துவிடுகிறார் என்று சொன்னார். உள்ளே கூட்டாளி ஒருத்தன் வேறு இருக்கிறான் போல என்றார். டீக்கடையிலிருந்து செய்தி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறியது. பாலவனத்தம் போய்ச் சேர்ந்தபோது செல்வக்குமார் கஸ்டமரின் ஸ்டெப்னியை விற்றுக் குடித்திருந்தான். திருச்சுழி பக்கம் போனபோது கடையே போய்விட்டிருந்தது. அங்கேதான் அவன் மாமனார் நல்லகண்ணு மிளகாய்க் காட்டில் நின்றுகொண்டிருந்தார்.

இதெல்லாம் செல்வக்குமாருக்குத் தெரியாது. அவனுக்கு வேறு கவலை. ஒரு மணிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனாள். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சரிந்து, நெற்றி தட்டில் இடித்துவிட்டது. நிமிர்ந்தபோது பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. அவன் போனின் கண்ணாடியில் விரலை வைத்து, அந்தப் பருக்கை இருந்த இடத்தைத் தொட்டான். எடுக்க முடியவில்லை. வெறும் கிரீஸ் தடம்தான் அவள் நெற்றிமேல் விழுந்தது.

"ஜெகதி, உனக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க பேசுங்க. நீங்க பேசிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவன் பேசினான். மழை இல்லாததையும், கண்மாயில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதையும், கம்ப்ரசருக்கு பெல்ட் மாற்றியதையும் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னாலும் அதே சிரிப்புதான். பெல்ட்டுக்கும் சிரித்தாள், மழை இல்லாததற்கும் சிரித்தாள்.

போனை வைத்த பிறகு அவன் வெகு நேரம் டயர் மேல் உட்கார்ந்திருந்தான். கையெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு வாய் ஊட்டிவிடலாம். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவளுக்கு என்ன செய்ய முடியும். அவனிடம் இருந்தது அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான். அதை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தலாம். அது ஒன்றுதான் அவனால் முடியும்.

மறுநாள் சொல்லிவிட்டான். இனி உச்சிப்பொழுதுக்கே சாப்பிட வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு, இவனுக்கு நாலரை.

இந்தத் தடவை அவள் ஒரு காரணமும் சொல்லவில்லை. ஏதோ ஒன்று நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது போலிருந்தது.

"முடியாதுன்னா சொல்லு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பேசிக்கலாம். நான் ஒன்னும் நெனக்க மாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம்" என்று சட்டென்று சொன்னாள். "உங்களப் பாக்காம எனக்கு எப்படி மச்சான் பொழுது போகும். நாலரைக்கே வாங்க."

நாலரைக்குச் சாப்பாடு என்றால் மூன்றுக்கு உலை வைக்க வேண்டும். அடுப்பைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டான். கொளுத்துகிற வெயிலில் பஞ்சர் கடைக்குள்ளிருந்து புகையும் பூண்டு வாசமும் வந்தன. பீர் மைதீன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச்சாரியில் வேப்ப மரத்தடியில் போட்டுக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்றார்.

அன்று தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, டம்ளரில் மோரை ஊற்றி வைத்துக்கொண்டு அவன் போனை எடுத்தபோது, பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. வேட்டியின் கரையில் செவக்காட்டுப் புழுதி. அப்புறம் ஒரு மஞ்சள் பை. அதற்கப்புறம், மெதுவாகக் குனிந்து, நல்லகண்ணுவின் முகம் வந்தது.

உள்ளே வந்து, மருமகனின் சிவந்த கண்ணைப் பார்த்தார். வியர்வையில் நனைந்த சட்டையைப் பார்த்தார். மூலையில் கூட்டாளி யாராவது ஒளிந்திருக்கிறானா என்று டயர் அடுக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு அந்த டம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மோந்து பார்த்தும் சந்தேகம் தீரவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். திருச்சுழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வெயிலில் நடந்து வந்தவர். ஒரு வாய் குடித்தவர் நிறுத்த முடியாமல் முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"பெருங்காயம் கூடிப் போச்சு மாப்ள" என்றார்.

செல்வக்குமாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஊரில் கேள்விப்பட்டதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. டயர் மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். செல்வக்குமாருக்குக் கோபம் வரவில்லை. இந்த ஷட்டர் எப்படிப் பாதிக்கு இறங்கியது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அங்கே காணாமல் போன ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து, மூன்று மணியிலிருந்து பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்த கதை முழுவதையும் சொன்னான். அவள் பசியில் கொட்டாவி விட்டதைச் சொன்னான். நெற்றியில் பருக்கை ஒட்டியதைச் சொல்லும்போது தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம புள்ள எனக்குப் பேசும். ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள, அப்பா, நீ மருந்து போட்டியான்னு கேட்டுட்டு வச்சுரும். மொகத்தப் பாத்தே மாசக்கணக்காச்சு" என்றார். பிறகு, "நானும் இங்கிட்டு உக்காந்து பாக்கலாமா மாப்ள?" என்று கேட்டார். பெற்ற மகளைப் பார்ப்பதற்கு அவர் அனுமதி கேட்டது செல்வக்குமாருக்கு என்னவோ போல் இருந்தது. இன்னொரு தட்டு எடுத்து அவருக்கும் சோறு போட்டான். மூன்று பேருமாகச் சாப்பிடலாம் என்றான்.

போனைக் கிரீஸ் டப்பாவில் சாய்த்து வைத்துக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டான். எடுக்கவில்லை. இந்த ஐந்து மாதத்தில் அவள் எடுக்காமல் இருந்ததே கிடையாது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மாமனாரும் மருமகனும் தட்டைத் தொடாமல் அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நல்லகண்ணு கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டார்.

எடுத்தது ஜெகதீஸ்வரி இல்லை. அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிற ராமலட்சுமி. கோவில்பட்டிப் பெண், அவளும் நர்ஸ்தான். ஒரு தடவை பேசியிருக்கிறான். முகம் சரியாகத் தெரியவில்லை. ஜன்னலில் கனமான திரை இழுத்து விட்டிருந்தது. அந்த ஊர் உச்சிப்பொழுதில் அவ்வளவு இருட்டாக ஓர் அறையை அவன் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணே" என்றாள், மிகவும் மெதுவாக.

"ஜெகதி எங்க தாயி? ஆஸ்பத்திரிக்குப் போகலையா? நீங்க ரெண்டு பேரும் வீட்லயா இருக்கீக?"

ராமலட்சுமி போனை மெல்லத் திருப்பினாள்.

ஒரு கட்டில். அதை ஒட்டி வெள்ளைச் சுவர். சுவரில் சாய்ந்து ஜெகதீஸ்வரி உட்கார்ந்த நிலையிலேயே கிடந்தாள். தலை சீவியிருந்தது, பொட்டு வைத்திருந்தாள். மேலே நீல யூனிபார்ம். இடுப்புக்குக் கீழே பூப்போட்ட நைட்டி. மடியில் ஒரு தட்டு, அதில் தொடாத சோறு. ஒரு கை தட்டைப் பிடித்தபடியே இருந்தது. தலை தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஆத்தாடி, புள்ள மயங்கிக் கெடக்கே மாப்ள" என்று நல்லகண்ணு எழுந்துவிட்டார்.

செல்வக்குமார் போனைக் கையில் எடுத்து முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு மணியும் அவளுக்குத் தாமதமாகிவிட்டது, பதினொன்றுக்கே வைத்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"பசி மயக்கம் தாயி. எழுப்பி ஒரு வாய் ஊட்டிவிடு. ரெண்டு வாய் உள்ள போனா தெளிஞ்சுருவா."

ராமலட்சுமி போனைத் தன் பக்கம் திருப்பினாள். கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். அப்புறம்தான் சொன்னாள்:

"பசியெல்லாம் இல்லண்ணே. பொங்கல்லருந்து அவளுக்கு நைட் டூட்டிதான், நீங்க தெனமும் சாப்புடக் கூப்புடுற நேரம் அவளுக்கு நடுச்சாமம்."